செல்லினம் விசைப்பலகை: தண்ணீர்ப் பந்தல் குழுவில் பழகிப் பார்த்தது

பி, ஓ, ஐ. இந்த மூன்று ஆங்கில எழுத்துகளால் எங்கள் தண்ணீர்ப் பந்தல் குழுவிலிருந்து எழுபத்தொரு வயதுப் பெரியவர் ஒருவர் வெளியேறிவிட்டார். எழுதியவள் நான். பினாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு வலி மிகும் இடமும் மிகா இடமும் சொல்லிக்கொடுக்கிறவள்.

2025இல் தைப்பூசம் பிப்ரவரி 11ஆம் தேதி வந்தது. ஜனவரி நடுவிலேயே எங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வேலை சூடுபிடித்திருந்தது. ஜாலான் உத்தாமா ஓரத்தில் ஒவ்வோர் ஆண்டும் பந்தல் போடுகிறோம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்து போகிறவர்களுக்கு மோர், பானகம், காலையில் உப்புமா. ஐஸ் கட்டிக்குச் சொல்லிவைப்பது அந்த ஐயாவின் பொறுப்பு. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொன்னால் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பவர். முந்தைய ஆண்டு ஐஸ் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்ததை ஒரு கூட்டத்தில் இரண்டு பேர் குத்திக்காட்டியிருந்தார்கள். அந்தப் புண் அவருக்கு ஆறவில்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தும், ஓர் இரவு பதினொரு மணிக்குத் துணி மடித்துக்கொண்டே, ஆங்கில எழுத்தில் அவசரமாகத் தட்டினேன்.

நான் கேட்டது: "ஐயா, ஐஸ் கடையில் நீங்கள் போய்ச் சொன்னீர்களா?"

அவர் படித்தது: "ஐயா, ஐஸ் கடையில் நீங்கள் பொய் சொன்னீர்களா?"

போய்க்கும் பொய்க்கும் ஆங்கிலத்தில் அதே மூன்று எழுத்துதான். நாற்பத்தாறு பேர் பார்க்கும் இடத்தில் அந்தக் கேள்வி விடியும்வரை கிடந்தது. அனுப்பிய செய்தியைப் பதினைந்து நிமிடத்துக்குள் திருத்தும் வசதி 2023இலேயே வந்துவிட்டது. ஆனால் நான் போனை வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தபோது ஐயா வெளியேறினார் என்று சின்னதாக ஒரு வரி மட்டும் இருந்தது. அதற்குக் கீழே யாரோ வாழை மரத்தின் விலையை விசாரித்திருந்தார்கள்.

அன்று மாலையே ஆயர் ஈத்தாமில் உள்ள அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று வாருங்கள் என்றார், உட்காருங்கள் என்றார். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. நான் அந்த வாக்கியத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். "போய்ச் சொன்னீர்களா" என்று, 'ச்' என்ற எழுத்தை நன்றாக அழுத்தி. அவர் மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு போனை முகத்துக்கு அருகில் கொண்டுபோய், எழுத்து எழுத்தாக விரலால் தொட்டுப் பார்த்தார். அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். பிறகு ஐயா சொன்னார்: "நாற்பது வருஷ வேலையில் என்னை யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை, டீச்சர். நீங்கள் தமிழ்தானே சொல்லிக்கொடுக்கிறீர்கள்? தமிழிலேயே எழுதியிருக்கலாமே."

வீடு திரும்பியதும் முதல் வேலையாகச் செல்லினம் என்ற தமிழ் விசைப்பலகைச் செயலியைப் போனில் ஏற்றினேன். இதை எழுதுவதும் அதில்தான்.

செல்லினம் நம் மலேசியாவில் பிறந்தது. 1985இல் முரசு என்ற தமிழ்க் கணினி மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன்தான் இதையும் உருவாக்கினார். 2005இல் சிங்கப்பூரில் அறிமுகமானது; அன்றைய போன்களில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்புவதற்காக வந்தது. இன்று ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் கிடைக்கிறது. ஒரு காசும் கட்ட வேண்டாம். இவ்வளவு காலமாக இது அருகிலேயே இருந்தும் எடுக்காமல் இருந்தேன் என்பதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

இதில் இரண்டு வகைத் தட்டச்சு உண்டு. ஒன்று அஞ்சல் முறை. ஆங்கில எழுத்தின் ஒலியை வைத்துத் தட்டினால் தமிழில் விழும். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதிப் பழகிய என்னைப் போன்றவர்களுக்கு இது வசதி. ஆனால் பழைய கவனக்குறைவுக்கு இதில் இடமில்லை. ஆங்கில ஓ எழுத்தை ஒருமுறை தட்டினால் பொய், இருமுறை தட்டினால் போய். குறிலா நெடிலா என்று முடிவு செய்யாமல் அடுத்த எழுத்துக்கே போக முடியாது. லகரத்துக்கும் ளகரத்துக்கும் வேறு வேறு தட்டு, ழகரத்துக்கு இன்னொன்று. பள்ளிக்கு விடுமுறை என்று எழுதினால் பல்லிக்கு விடுமுறை என்று யாரும் படிக்க வழியில்லை. கை பழக எனக்கு ஒரு வாரம் ஆனது. சொல்லின் நடுவில் வரும் நகரத்துக்கு டபிள்யூவைத் தட்ட வேண்டும் என்பதுதான் கடைசியாகப் பழகியது.

இன்னொன்று தமிழ்99. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய முறை. இதில் விசைகளின் மேலேயே தமிழ் எழுத்து இருக்கும். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் அம்மா. முதல் மகரத்தின் தலையில் புள்ளி தானாக விழுந்துவிடும். எங்கள் குழுவில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் எல்லோரும் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழுக்கு வர வேண்டிய தேவை இல்லை. பெரியவர்களுக்குப் போனில் போட்டுக்கொடுக்கும் பிள்ளைகள் அஞ்சல் முறையை அவர்கள் தலையில் கட்டாமல் இதைப் போட்டுக்கொடுங்கள்.

சொல்லின் தொடக்கத்தைத் தட்டினாலே மேலே முழுச் சொற்கள் வரிசையாக வந்து நிற்கும், வேண்டியதைத் தொட்டால் போதும். நான் பாராட்ட விரும்புவது முக்கியமாக இதைத்தான். தமிழில் மரியாதை சொல்லின் கடைசியில் இருக்கிறது. சொல், சொல்லுங்கள், வந்தாயா, வந்தீர்களா. ஆங்கில எழுத்தில் அவசரமாகத் தட்டுகிறவர்கள் முதலில் வெட்டுவது அந்தக் கடைசியைத்தான். நீங்கள் என்பதை என், ஜி என்று இரண்டு எழுத்தில் முடித்துவிடுவார்கள். மகன் வயதுள்ளவர் அப்படி எழுதினால் பெரியவர்களுக்குச் சுருக்கென்று தைக்கும். எழுதியவருக்கு அது தெரியவே தெரியாது. முழுச் சொல்லும் ஒரு தொடுதலில் வந்து விழும்போது வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் குழுவில் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்ளும் தம்பி முன்பெல்லாம் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டைவிரல் படம்தான் போடுவார். இப்போது "சரி ஐயா, காலை ஆறு மணிக்கு வந்துவிடுகிறேன்" என்று எழுதுகிறார். கட்டைவிரல் போட்டவரும் அதே நல்ல பிள்ளைதான். ஆனால் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டு யாரும் இப்போது அவரை அழைப்பதில்லை.

விசைப்பலகையால் ஆகாத காரியமும் இருக்கிறது. நான் அன்றே தமிழில் ஒற்றோடு எழுதியிருந்தாலும், ஒருவரிடம் ஒப்படைத்த வேலையை முடித்தாரா என்று நாற்பத்தாறு பேர் முன்னால் விசாரித்தது தவறுதான். தனிச் செய்தியில் கேட்டிருக்க வேண்டும். இரவு பதினொரு மணி அதற்கான நேரமும் அல்ல. அந்த வயதுக்காரரிடம் போனில் அழைத்து, பசியாறினீர்களா என்று கேட்டுவிட்டுப் பிறகு ஐஸைப் பற்றிக் கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். இப்போது பொறுப்பு பற்றிய கேள்விகளைத் தனியாகத்தான் கேட்கிறோம். நன்றி சொல்வதை மட்டும் குழுவில், பெயர் சொல்லி.

திட்ட வேண்டும் என்றே எழுதுகிறவருக்கு நல்ல விசைப்பலகை கிடைத்தால் அந்த வசை இன்னும் தெளிவாகத்தான் விழும். 2024 ஜூலையில் கோலாலம்பூரில் நம் சமூகப் பெண் ஒருவர் டிக்டாக்கில் வந்த வசைகளைத் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த வழக்கில் ஒரு பெண்ணுக்கு 100 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டபோது எங்கள் ஆசிரியர் அறையில் யாராலும் பேச முடியவில்லை. 2025இல், பிறரைக் கேலி செய்தும் மிரட்டியும் துன்புறுத்தும் பகடிவதைக்கு எதிரான பிரிவுகள் குற்றவியல் சட்டத்தில் சேர்க்கப்பட்டன. அது சட்டத்தின் வேலை. நான் பேசுவது தீங்கு நினைக்காதவர்கள் தெரியாமல் செய்துவிடும் தீங்கைப் பற்றி. அதில் பாதியைச் சரியான எழுத்தே தடுத்துவிடும் என்று என் வீட்டுத் தேநீர் மேசையிலும் பள்ளியிலும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பள்ளியில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் பெற்றோர் குழுவிலும் இப்போது தமிழில்தான் எழுதுகிறேன். முதலில் இரண்டு அம்மாக்கள் தங்களுக்குத் தமிழ் வாசிப்பு மெதுவாகத்தான் வரும் என்றார்கள். அவர்களுக்குக் குரல் பதிவும் சேர்த்து அனுப்புகிறேன். எழுத்து தெரியாதவரை ஒதுக்கிவைத்துவிட்டு மரியாதையைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. அவர்களில் ஒருவர் போன மாதம் "நன்றி டீச்சர்" என்று தமிழில் எழுதினார். றன்னகரம் சரியாக இருந்தது.

ஐயா மறுநாளே குழுவுக்குத் திரும்பிவிடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீண்டும் போனேன். அவர் போனிலும் செல்லினத்தை ஏற்றி, தமிழ்99 முறையைத் தேர்ந்தெடுத்துக் கையில் கொடுத்தேன். துறைமுகத்தில் கயிறு பிடித்துத் தடித்துப்போன கட்டைவிரல். ஒரு விசையைத் தொட்டால் பக்கத்து விசையும் சேர்ந்து அமுங்கியது. போனைப் பக்கவாட்டில் திருப்பி விசைகளைப் பெரிதாக்கிக்கொண்டு, ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். தன் பெயரை எழுதினார், மனைவியின் பெயரை எழுதிக் காட்டினார். அந்த அம்மாள் சமையலறைக்குப் போகாமல் அங்கேயே நின்றார்.

தைப்பூசத்துக்கு ஒன்பது நாள் இருந்தபோது அவரைக் குழுவில் மறுபடி சேர்த்தேன். அன்று மாலை அவரிடமிருந்து முதல் செய்தி வந்தது: "அனைவருக்கும் வணக்கம். ஐஸ் கடையில் நான் போய்ச் சொல்லிவிட்டேன்."

தமிழ்99இல் அந்த யகரத்துக்கும் அதை அடுத்த சகரத்துக்கும் புள்ளி தானாக விழாது. விசையைத் தேடி அவரேதான் வைத்திருக்க வேண்டும்.