4+1 திட்டத்தில் சேரும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்

அமெரிக்காவில் இன்ஜினியரிங் படிப்பவர்களும் பிள்ளைகளை அனுப்பப் போகிறவர்களும் இதைக் கட்டாயம் படியுங்கள். இளநிலையையும் முதுநிலையையும் சேர்த்து ஐந்தே வருடத்தில் முடிக்கலாம் என்று சொல்லும் 4+1 திட்டத்தில் என்னை நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டார்கள்.

கணக்கு இதுதான். இளநிலைக்குப் பொதுவாக 120 கிரெடிட் (பாடங்களின் அளவை எண்ணும் அலகு) அல்லது அதற்கு மேல், முதுநிலைக்குச் சுமார் 30. இளநிலையில் இருக்கும்போதே எடுக்கும் சில முதுநிலைப் பாடங்களை இரண்டு பட்டத்துக்கும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். பல இடங்களில் 9 முதல் 12 கிரெடிட் வரை. திட்டத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. அது போனால் காலமும் மிச்சமில்லை, காசும் மிச்சமில்லை.

எங்கள் துறை ஆலோசகர், "பாடங்களை இப்போதே எடுத்துவிடு, விண்ணப்பத்தை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்" என்றார். அப்படியே செய்தேன், மதிப்பெண்ணும் நன்றாகவே வந்தது. முதுநிலையில் சேர்ந்த பிறகு டிகிரி ஆடிட்டை, அதாவது எந்தப் பாடம் எந்தப் பட்டத்துக்குக் கணக்காகிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தால், எடுத்த நான்கு பாடங்களில் இரண்டுக்கு நேரே 'இளநிலைக்கு மட்டும்' என்று இருக்கிறது. திட்டத்தில் அனுமதி கிடைப்பதற்கு முன் எடுத்த பாடம் இரண்டு பட்டத்துக்கும் செல்லாதாம். ஆலோசகரிடம் போனால், "நான் உறுதி எதுவும் தரவில்லையே" என்று கைவிரித்துவிட்டார். இரண்டு பாடங்களைப் புதிதாக எடுக்க வேண்டியதாயிற்று, அதுவும் முதுநிலைக் கட்டணத்தில்.

அடுத்த அடி நிதியுதவியில் விழுந்தது. பெல் கிராண்ட் என்ற மத்திய அரசு உதவித்தொகை பொதுவாக முதல் இளநிலைப் பட்டம் பெறாதவர்களுக்குத்தான். படிக்கும்போது வட்டி ஏறாத மத்திய அரசுக் கடனும் 2012 ஜூலையிலிருந்து முதுநிலை மாணவர்களுக்குக் கிடையாது. ஆகவே நம்மை முதுநிலை மாணவர் என்று எந்த செமஸ்டரில் மாற்றுகிறார்கள் என்பது பெரிய விஷயம். என்னிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. கட்டணச் சீட்டில் உதவித்தொகை என்ற பதிவே காணாமல் போன பிறகுதான் தெரிந்தது.

சேரும் முன் துறைக்கு மின்னஞ்சல் போடுங்கள். எந்தெந்தப் பாடம் இரண்டுக்கும் செல்லும், குறைந்தபட்ச கிரேடு என்ன, எப்போதிலிருந்து முதுநிலைக் கட்டணம், நடுவில் விலகினால் இளநிலைப் பட்டம் தனியாகக் கிடைக்குமா என்று பாட எண்களோடு பதில் கேளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால், அன்றே "நீங்கள் சொன்னது இதுதானே" என்று எழுதி அனுப்பிவிடுங்கள். சேர்ந்த நாளில் இருந்த விதிப் புத்தகத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

என் மேல்முறையீட்டுக்கு "விதிவிலக்கு தர இயலாது" என்று ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது. டீனுக்கு எழுதியிருக்கிறேன். இதே நிலையில் இருந்து முடிவை மாற்ற வைத்தவர்கள் யாராவது இருந்தால், எந்த ஆவணத்தைக் காட்டினீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.