லேசர் ஃபுளோரினேற்ற அமைப்பு: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எரிமலைப் பாறைகளின் ஆலிவின் (இரும்பு-மக்னீசிய சிலிக்கேட் கனிமம்) படிகங்களைக் கொண்டு புவிக் கவசத்தை (மேலோட்டுக்குக் கீழுள்ள அடுக்கை) ஆராயத் தொடங்கியுள்ள நண்பர் ஒருவர், கனிமத்தை லேசரால் சூடேற்றி, ஃபுளோரின் சேர்மத்தால் அதன் ஆக்சிஜனைப் பிரித்து அளக்கும் லேசர் ஃபுளோரினேற்ற அமைப்பை நிறுவலாமா, அயனிக் கற்றையால் நுண்புள்ளிகளை அளக்கும் அயனி நுண்ணாய்வியில் நேரம் கேட்டுப் பெற்றால் போதுமா என்று கேட்டிருந்தார். எங்கள் மாதிரி அறையைப் பழுதுபார்த்து மூடியிருக்கும் வாரம் இது. ஆகவே பதிலில் சினமும் கலந்திருக்கும்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கவசப் பாறைகளின் ஆலிவினில் ஆக்சிஜன்-18 மதிப்பு (கடல்நீர்த் தரத்தோடு ஒப்பிட்ட கன ஆக்சிஜனின் மிகுதி) பெரும்பாலும் 5.2 பெர்மிலை (பெர்மில் என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு) ஒட்டியே நிற்கிறது. ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 0.2 தான். கடல்நீரால் மாற்றமுற்ற பாறை கவசத்துக்குள் அமிழ்ந்து, பின்னர் எரிமலைக் குழம்பில் தன் தடயத்தைக் காட்டுகிறதா என்பதை இந்தக் குறுகிய இடைவெளிக்குள் நின்றே தேட வேண்டும். நிக்கல் கலன்களில் சூடேற்றும் பழைய முறையில் ஆலிவின் முழுமையாக வினைபுரியாமல் தொல்லை கொடுத்தது. கார்பன் டை ஆக்சைடு லேசரால் நேரடியாகச் சூடேற்றியபோது அந்தத் தொல்லை தீர்ந்தது. ஓரிரு மில்லிகிராம் மாதிரியிலேயே 0.1 பெர்மில் அளவுக்குத் துல்லியம் கிடைக்கிறது. ஒப்பீட்டுத் தரமாகக் காலையில் அளந்த சான் கார்லோஸ் ஆலிவின் மாலையிலும் அதே எண்ணைத் தரும்போது எழும் மகிழ்ச்சி எனக்கு இன்றும் குறையவில்லை.

ஆனால் ஈரம்! ஃபுளோரினேற்றும் வினைப்பொருளான புரோமின் பென்டாஃபுளோரைடு நீரைக் கண்டால் விடாது. அறையை ஒருமுறை திறந்தாலே சுவர்களில் ஈரப்படலம் படிந்துவிடும். அந்த நீரிலிருந்து வெளிவரும் ஆக்சிஜன் மாதிரியின் ஆக்சிஜனோடு கலந்துவிடும் என்பதால், வெற்று அளவு (மாதிரி இல்லாமலே வெளிவரும் ஆக்சிஜன்) தணியும்வரை வினைப்பொருளைத் திரும்பத் திரும்பச் செலுத்திக் காத்திருக்க வேண்டும். இந்த முன்சுத்திகரிப்பின்போதே பிளாஜியோகிளேஸ் என்னும் ஃபெல்ட்ஸ்பார் கனிமம், லேசர் படுவதற்கு முன்பாக, அறை வெப்பநிலையில் வினைபுரியத் தொடங்கிவிடுகிறது. ஒரே பாறையின் ஆலிவினும் பிளாஜியோகிளேஸும் ஒன்றோடொன்று சமநிலையில் உள்ளனவா என்று பார்த்தால்தான், குழம்பு வழியில் மேலோட்டை விழுங்கியதா என்பது புலப்படும். நமக்கு மிகவும் தேவையான அந்த இணையைத்தான் இந்த அறை ஒன்றாக வைத்து அளக்க விடுவதில்லை.

ஐஸ்லாந்து போன்ற இடங்களில் சிக்கல் இன்னும் கூடுகிறது. அங்கே ஆலிவினில் காணப்படும் தாழ்ந்த மதிப்புகளில் எவ்வளவு கவசத்துக்குரியது, எவ்வளவு வெந்நீரால் மாற்றமுற்ற மேலோட்டிலிருந்து வந்தது என்பது நெடுநாள் விவாதம். படிகத்தின் மையத்தையும் விளிம்பையும் தனித்தனியே பார்க்க வேண்டிய இடத்தில், லேசர் எல்லாவற்றையும் ஒன்றாக உருக்கி ஒரே எண்ணைத் தருகிறது. அயனி நுண்ணாய்வியோ பத்துப் பதினைந்து மைக்ரோமீட்டர் அகலப் புள்ளியைக்கூட அளந்துவிடும். அதன் துல்லியம் 0.2 முதல் 0.3 பெர்மில் வரைதான். ஆலிவினின் இரும்பு-மக்னீசியம் விகிதத்துக்கேற்பத் திருத்தமும் செய்ய வேண்டும். கவசத்தின் நுண்ணிய வேறுபாடுகளைக் காண அந்தத் துல்லியம் போதாது என்பதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்.

இருந்தும் நண்பருக்கு இன்று நான் சொல்வது, நிறுவ வேண்டாம், நேரம் கேட்டுப் பெறுங்கள் என்பதுதான். நிறுவியே தீருவீர்களென்றால், லேசரின் திறனைப் பற்றி யோசிக்கும் முன்பே, முதன்மை அறையைத் திறக்காமல் மாதிரியை உள்ளே அனுப்பும் காற்றடைப்பு அறைக்குப் பணம் ஒதுக்கிவிடுங்கள்.