ஹட்டன் டைப்பிங் கடை சீவி: வைத்தியபீட மாணவருக்கு எவ்வளவு தூரம் உதவும்?

ஹட்டன் பஸ் தரிப்பிடத்தைச் சுற்றி போட்டோகொப்பியும் டைப்பிங்கும் சேர்த்துச் செய்யும் கடைகளில் ஒன்றின் சீவி (CV, சுயவிபரக் கோவை) சேவையைப் பற்றியது இது. பெயர் வேண்டாம், குறை கடையை விட அங்கே ஓடும் படிவத்தில்தான் அதிகம்.

வேலை சுத்தம். ஆங்கில எழுத்துப்பிழை குறைவு. அச்செடுக்க முன் திரையில் காட்டித் திருத்துகிறார்கள், திருத்தத்துக்குத் தனிக்காசு கேட்பதில்லை. அரசாங்க உத்தியோகத்துக்கு விண்ணப்பிப்பவருக்கு இது போதும்.

வைத்தியபீட மாணவருக்குப் போதாது. படிவத்தின் முதற்பக்கத்தை மதம், சிவில் நிலை, தகப்பன் பெயர், கிராம சேவகர் பிரிவு எல்லாம் நிரப்பிவிடுகின்றன. வேலை அனுபவம் என்ற இடத்தில், மாணவர் என்றாலே கேள்வியில்லாமல் ‘இல்லை’ என்று அடித்துவிடுகிறார்கள். உயர்தரப் பரீட்சைக்கும் பீடத்துக்குள் நுழைவதற்கும் இடையில் ஒரு வருடத்துக்கு மேல் போவது வழக்கம். அந்தக் காலத்தில் மலையகப் பிள்ளைகள் சும்மா இருப்பதில்லை: டியூஷன் வகுப்பு, தோட்டப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியர், போமசியில் உதவி, கொழும்பில் புடவைக் கடை. இவ்வளவையும் அந்த ஒரு சொல் அழித்துவிடுகிறது.

எம்பிபிஎஸ் முடித்து உள்ளகப் பயிற்சிக்குப் போக இந்தச் சீவி தேவையில்லை. அங்கே தகுதி வரிசைப் பட்டியல்தான் பேசும். ஆராய்ச்சி உதவியாளர் இடம், புலமைப்பரிசில், வெளிநாட்டு எலெக்டிவ் (மாணவர் விரும்பித் தேர்ந்து போகும் குறுகிய காலப் பயிற்சி) என்று வரும்போதுதான் தேவை. பிற்காலத்தில் இங்கிலாந்தின் அரச சுகாதார சேவையான என்எச்எஸ் வேலைக்குப் போனால் இடைவெளிக்கு விளக்கம் கேட்பார்கள். அமெரிக்க ரெசிடென்சிக்கான (பட்டத்துக்குப் பிந்திய வைத்தியசாலைப் பயிற்சி) இராஸ் (ERAS) இணைய விண்ணப்பத்தில் 10 அனுபவங்கள் வரை எழுதலாம், அவற்றில் 3 மிக முக்கியமானவை என்று குறிக்கலாம். மருத்துவம் சாராத வேலைக்கும் அங்கே இடம் உண்டு.

ஆகவே கடைக்குப் போகுமுன் ஒவ்வொரு வேலைக்கும் இவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: பதவி, இடத்தின் பதிவுப் பெயர், ஊர், தொடங்கிய மாதமும் வருடமும், முடிந்த மாதமும் வருடமும், வாரத்துக்கு எத்தனை மணி. கீழே இரண்டு வரி, செய்த வேலை மட்டும். ‘பொறுப்புடன் பணியாற்றினேன்’ என்பது வீண் வரி. ‘தரம் 8, 9 விஞ்ஞானம், வாரம் 12 மணி, 35 மாணவர்’ என்றால் வாசிப்பவருக்கு ஆள் தெரியும். புடவைக் கடை வேலையை மறைப்பவர்கள் அதிகம். மறைக்க வேண்டாம். நாள் முழுக்க சிங்களத்தில் வாடிக்கையாளரோடு பேசியவருக்கு, பேராதனை வார்டில் நோயாளியிடம் விபரம் கேட்பது பாதி பழகிய வேலை. அந்த மொழிப் பழக்கத்தை அதே வரியில் எழுதுங்கள். கொழுந்து பறித்ததையும் அப்படித்தான். சமுதாய மருத்துவ ஆராய்ச்சிக்கு விண்ணப்பிப்பவர் மலையில் நின்று வேலை செய்தவர் என்பது அந்தக் குழுவுக்குப் பெரிய பலம்.

பதவிப் பெயரில்தான் ஆபத்து. கடைக்காரர் அழகுக்காக ‘மருந்தாளர்’ என்று அடித்துத் தருவார். மருந்தாளர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற வேண்டியவர். நீங்கள் ‘போமசி உதவியாளர்’தான். தோட்ட டிஸ்பென்சரியில் உடன் நின்று பார்த்திருந்தால் ‘பார்வையாளர்’ என்று போடுங்கள். சிகிச்சை அளித்ததாக ஒரு சொல் வந்தாலும் விண்ணப்பம் முழுதும் சந்தேகத்துக்குள்ளாகும்.

வேலை அனுபவத் தலைப்பை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: மருத்துவம் சார்ந்தவை மேலே, பிற வேலைகள் கீழே, இரண்டிலும் புதியது முதலில். மதம் முதலியவற்றை எடுத்துவிட்டால் ஏ4 இரண்டு பக்கத்துக்குள் எல்லாம் அடங்கும். சாதாரண தரத்துக்கு முந்தியதை விட்டுவிடலாம்.

சின்னப் பிழைகளும் உண்டு. தோட்டத்தை நாம் தமிழில் ஒரு பெயரில் அழைப்போம், சேவைக் கடிதத்தில் ஆங்கிலப் பெயர் இருக்கும். கடிதத்தில் உள்ளதையே போடுங்கள், இல்லாவிட்டால் சரிபார்க்கிறவருக்கு இரண்டு இடம் போலத் தெரியும். தொலைபேசி எண்ணை +94 என்று தொடங்கினால் அதற்கு அடுத்து 0 வரக்கூடாது. கடைப் படிவத்தில் இரண்டும் சேர்ந்தே வருகிறது. தமிழ் முகப்புக் கடிதம் பாமினி எழுத்தில் அடிக்கப்பட்டால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். யூனிகோடில் கேளுங்கள், மின்னஞ்சலுக்கு பீடிஎஃப் ஆகவே வாங்குங்கள்.

வேர்ட் கோப்பையும் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருடம் திருத்த அது வேண்டும். அடையாள அட்டை இலக்கத்தோடு உங்கள் கோப்பு கடைக் கணினியின் முகப்பிலேயே கிடக்கும். கண்முன்னே அழிக்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் அழிக்கிறார்கள்.