கோல்ஃப் ஜிடிஐ, மெகான் ஆர்எஸ், மஸ்டா3 எம்பிஎஸ்: மூன்று டர்போ எஞ்சின்களின் திறனும் தேய்மானமும்

வேகமான சிறிய காரைப் பழைய சந்தையில் தேடுவோர் பெரும்பாலும் ஒரே வரிசையில் வைத்துப் பார்க்கும் கார்கள் மூன்று: ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐயின் ஐந்தாம் தலைமுறை, ரெனோ மெகான் ஆர்எஸ், வட அமெரிக்காவில் மஸ்டாஸ்பீட்3 என்று விற்கப்பட்ட மஸ்டா3 எம்பிஎஸ். மூன்றிலும் நான்கு சிலிண்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் முன்புறம் குறுக்காக அமர்ந்து முன்சக்கரங்களை இயக்குகிறது. விளம்பரங்கள் குதிரைத்திறனை முன்னிறுத்தும். ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய எஞ்சினின் நிலையைத் தீர்மானிப்பவை வேறு: எரிபொருள் எந்த இடத்தில் தெளிக்கப்படுகிறது, அதன் பம்பை எது இயக்குகிறது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டை எது சுழற்றுகிறது என்னும் வடிவமைப்பு முடிவுகள். இந்த மூன்றையும் அந்தக் கோணத்தில்தான் ஒப்பிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் அளவுகள். கோல்ஃபில் உள்ள 2.0 டிஎஃப்எஸ்ஐ, ஈஏ113 குடும்பத்தைச் சேர்ந்தது. கொள்ளளவு 1984 சி.சி., சிலிண்டர் விட்டம் 82.5 மி.மீ., பிஸ்டன் வீச்சு 92.8 மி.மீ., திறன் 200 குதிரைத்திறன், முறுக்குவிசை 1800 முதல் 5000 ஆர்.பி.எம். வரை மாறாமல் 280 நியூட்டன் மீட்டர். மெகானின் எஃப்4ஆர்டி 1998 சி.சி. கொண்டது, 82.7 மி.மீ. விட்டமும் 93 மி.மீ. வீச்சுமாக ஏறக்குறைய கோல்ஃபின் இரட்டையாகவே தோன்றும். இரண்டாம் தலைமுறை மெகானில் அது 225 குதிரைத்திறனும் 3000 ஆர்.பி.எம்.-இல் 300 நியூட்டன் மீட்டரும் தந்தது; மூன்றாம் தலைமுறையில் 250 குதிரைத்திறன், 340 நியூட்டன் மீட்டர் என உயர்ந்தது. இவ்விரண்டின் பிளாக்கும் வார்ப்பிரும்பு. மஸ்டாவின் எல்3-விடிடி மட்டும் அலுமினியத்தில் வார்க்கப்பட்டது, 87.5 மி.மீ. விட்டம், 94 மி.மீ. வீச்சு, 2261 சி.சி., 260 குதிரைத்திறன், 3000 ஆர்.பி.எம்.-இல் 380 நியூட்டன் மீட்டர் என்று மூன்றிலும் பெரியது அதுவே. அத்தனை முறுக்குவிசை முன்சக்கரங்களைத் திணறடிக்காமல் இருக்க, முதல் இரண்டு கியர்களில் டர்போவின் அழுத்தத்தை எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு. தானே குறைத்துக்கொள்கிறது.

எண்களைத் தாண்டிய முக்கிய வேறுபாடு, கோல்ஃபும் மஸ்டாவும் நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சின்கள், மெகானுடையது பழைய முறையில் சிலிண்டருக்குக் காற்று செல்லும் வழியான இன்டேக் போர்ட்டில் பெட்ரோலைத் தெளிக்கும் எஞ்சின் என்பதுதான். சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கப்படும் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளிருக்கும் காற்றைக் குளிரச் செய்வதால், டர்போ எஞ்சினாக இருந்தும் அமுக்க விகிதத்தை (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதை) உயர்த்தி வைக்க முடிகிறது. கோல்ஃபில் அது பத்துக்கு மேல், மஸ்டாவில் 9.5, 225 குதிரைத்திறன் மெகானில் 9. கோல்ஃப் 1800 ஆர்.பி.எம்.-இலேயே முழு முறுக்குவிசையைத் தருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மெகானில் அதற்குச் சற்றே காத்திருக்க வேண்டும். நகரப் போக்குவரத்தில் இந்த வேறுபாட்டை எவரும் உணரலாம்.

இந்த நன்மைக்கான விலையை வால்வுகள் கொடுக்கின்றன. எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து திரும்பி வரும் எண்ணெய் ஆவி இன்டேக் வால்வுகளின் பின்புறத்தில் படிந்து, சூட்டில் இறுகிக் கரியாக மாறுகிறது. போர்ட் இன்ஜெக்ஷனில் பெட்ரோல் அந்த வால்வுகளின் மீதே விழுந்து அவற்றைக் கழுவிவிடும். நேரடி இன்ஜெக்ஷனில் கழுவ எதுவும் இல்லை. குளிர்ந்த நிலையில் எஞ்சின் தடுமாறுவதும், ஐடிலில் நடுங்குவதும், மேல் வேகங்களில் திறன் மெல்ல மெல்லக் குறைவதும் இதன் அடையாளங்கள். பெட்ரோலில் கலக்கும் சுத்திகரிப்புத் திரவங்கள் இந்த வால்வுகளை எட்டுவதே இல்லை என்பதால் அவற்றுக்குப் பணம் செலவழிப்பது வீண். இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சிக் கரியை உதிர்ப்பதே நம்பகமான வழி. மெகான் உரிமையாளருக்கு இந்த வேலை கிடையாது. ஃபோக்ஸ்வாகன் பின்னர், ஈஏ113-க்கு அடுத்து வந்த ஈஏ888 எஞ்சினின் மூன்றாம் தலைமுறையில், ஐரோப்பா உள்ளிட்ட சந்தைகளில், நேரடி இன்ஜெக்டர்களோடு போர்ட் இன்ஜெக்டர்களையும் சேர்த்தது. மாசுக் கட்டுப்பாடும் அதற்கு ஒரு நோக்கம் என்றாலும், ரெனோவின் பழைய முறைக்கு இருந்த மதிப்பை அந்த மாற்றம் காட்டுகிறது.

கோல்ஃபின் உண்மையான பலவீனத்தை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இதைத் தெரிந்துகொண்டால் நல்ல கார், தெரியாவிட்டால் பெருஞ்செலவு. நேரடி இன்ஜெக்ஷனுக்குத் தேவையான உயர் அழுத்தத்தை உருவாக்கும் எரிபொருள் பம்பை, இன்டேக் கேம்ஷாஃப்ட்டின் முனையில் உள்ள மூன்று மேடுகள் கொண்ட கேம் இயக்குகிறது. கேமுக்கும் பம்புக்கும் நடுவே இருப்பது ஃபாலோயர் எனப்படும் சிறிய கிண்ண வடிவ உலோகத் துண்டு. உருளை எதுவும் இல்லாததால் கேம் அதன் தட்டையான முகத்தில் நேரடியாக உராய்கிறது. முகத்தின் கரிய பூச்சு தேய்ந்தபின் கீழுள்ள உலோகம் விரைவாகத் தேயும். ஓட்டை விழுந்துவிட்டால் பம்பின் தண்டு கேமிலேயே உரச, மலிவான ஒரு துண்டின் தேய்மானம் பம்பையும் கேம்ஷாஃப்ட்டையும் சேர்த்து மாற்றும் நிலைக்குக் கொண்டுபோய்விடும். எரிபொருள் அழுத்தம் குறைவதாகப் பிழைக்குறி தோன்றும் வேளையில் பல நேரங்களில் சேதம் நடந்து முடிந்திருக்கும். பம்பைக் கழற்றிப் பார்ப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவான வேலை என்பதால், ஒவ்வொரு 30,000 கிலோமீட்டருக்கும் ஒருமுறை ஃபாலோயரின் முகத்தைப் பார்க்க வேண்டும், பூச்சு போயிருந்தால் அப்போதே மாற்ற வேண்டும் என்பது என் பரிந்துரை. ஈஏ888-இல் ஃபாலோயரின் இடத்தில் அதே வேலையைச் செய்யும், உருளை வைத்த டாப்பெட் வந்துவிட்டது. ஆனால் அதன் தொடக்ககால எஞ்சின்கள் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் கோளாறுக்குப் பெயர்பெற்றவை என்பதால், புதியது என்ற ஒரே காரணத்துக்காக அதன் பக்கம் சாய்வது சரியாகாது.

ஈஏ113-இன் மற்றக் கோளாறுகள் சிறியவை. டர்போவின் மிகை அழுத்தத்தைத் திருப்பிவிடும் டைவர்டர் வால்வின் ரப்பர்த் திரை கிழிந்து பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) கசிவதும், கிராங்க்கேஸ் காற்றோட்ட வால்வு பழுதாவதும் அடிக்கடி நடப்பவை. இரண்டையும் வெளியிலிருந்தே மாற்றிவிடலாம். கேம்ஷாஃப்ட்டுகளில் எக்ஸாஸ்ட் பக்கத்தை டைமிங் பெல்ட் சுழற்ற, அங்கிருந்து ஒரு குட்டைச் செயின் இன்டேக் பக்கத்துக்குச் சுழற்சியைக் கடத்துகிறது. பெல்ட்டைக் குறித்த காலத்தில் மாற்றினால் போதும்.

மெகானின் கோளாறும் பெல்ட்டை ஒட்டியதுதான். குளிர்ந்த எஞ்சினைத் தொடங்கும்போது சில நொடிகள் டீசல் எஞ்சின் போன்ற கடகடப்புக் கேட்டால், கேம்ஷாஃப்ட்டின் நேரத்தை மாற்றியமைக்கும் டிஃபேசர் புல்லி தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். அதை அடைய டைமிங் பெல்ட்டைக் கழற்றியாக வேண்டும். எனவே பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், டிஃபேசர் புல்லி நான்கையும் ஒரே சமயத்தில் மாற்றுவதே அறிவுடைமை. குறைவாக ஓடிய காரிலும் ரப்பர் முதுமையடையும் என்பதால், கிலோமீட்டரை மட்டுமல்லாமல் ஆண்டுக் கணக்கையும் பார்க்க வேண்டும். பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். பற்றவைப்புக் காயில்கள் அவ்வப்போது செயலிழப்பது தவிர, இந்த எஞ்சினைப் பற்றிச் சொல்ல வேறு பெரிய குறை எதுவும் எனக்குத் தென்படவில்லை.

மஸ்டாவின் நிலை சிக்கலானது. டர்போவின் எண்ணெய் சீல் தேய்ந்து, சூடேறிய எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது எக்ஸாஸ்ட்டில் புகை எழுவது ஒன்று. கேம் டைமிங்கை மாற்றும் ஆக்சுவேட்டரின் பூட்டு தேய்ந்து தொடக்கத்தில் கடகடக்க, அத்துடன் டைமிங் செயினும் நீண்டுவிடுவது இன்னொன்று. எண்ணெய் அளவைக் கவனிக்காமல் ஓட்டப்பட்ட கார்களில் இவை இரண்டும் முன்கூட்டியே வருகின்றன. வால்வுகளில் கரி படிவதை மேலே சொன்னேன். இவையெல்லாம் செலவு வைப்பவை என்றாலும் சரிசெய்யக்கூடியவை.

பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு உடைவது அத்தகையதல்ல. குறைந்த ஆர்.பி.எம்.-இல், உயர்ந்த கியரில் ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தினால், சிலிண்டரின் அழுத்தம் உச்சத்துக்குச் சென்று கலவை முன்கூட்டியே வெடிக்கும் அபாயம் எல்லா நேரடி இன்ஜெக்ஷன் டர்போ எஞ்சின்களிலும் உண்டு. 380 நியூட்டன் மீட்டர் தரும் இந்த எஞ்சினில் அந்தச் சுமை மிக அதிகம். அதன்மேல் பூஸ்ட்டையும் கூட்டினால், தொழிற்சாலை எரிபொருள் பம்ப் ஈடுகொடுக்க முடியாமல் அழுத்தம் சரிந்து, கலவையில் பெட்ரோல் குறைந்து, வெடிப்பு கட்டுப்பாட்டை இழக்கிறது. ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்துவிட்டால் எஞ்சினையே மாற்ற வேண்டியதுதான். மறுடியூனிங் செய்வோர் பம்பின் உட்பாகங்களை முதலில் வலுப்படுத்துவது இதனால்தான்.

இதே காலத்தில் மினி கூப்பர் எஸ், பெஜோ 207 ஜிடிஐ ஆகியவற்றில் வந்த 1598 சி.சி. எஞ்சின் 175 குதிரைத்திறனோடு மிக இனிமையாக ஓடக்கூடியது. செயின் டென்ஷனர், உயர் அழுத்த பம்ப், தெர்மோஸ்டாட் கூடு, வால்வுக் கரி என எல்லாக் கோளாறுகளும் அதில் ஒருங்கே சேர்ந்திருப்பதால் இந்த வரிசையில் அதைச் சேர்க்கவில்லை.

என் தேர்வு மெகான். அதிலும் பெல்ட் மாற்றிய ரசீது உள்ள 250 குதிரைத்திறன் மாதிரி. அன்றாடம் நகரத்தில் ஓட்டுபவருக்கு, குறைந்த வேகத்திலேயே இழுக்கும் கோல்ஃப் அதைவிடப் பொருந்தும். விற்பவர் முன்னிலையில் பம்பைக் கழற்றி ஃபாலோயரைப் பார்க்க அனுமதி கேளுங்கள், மறுத்தால் வேறு காரைத் தேடுங்கள். மூன்றிலும் அதிக முறுக்குவிசை மஸ்டாவுக்கே உண்டு, தொழிற்சாலை அமைப்பு மாறாத ஒன்று கிடைத்தால் அதன் இழுவை மனத்தை அள்ளும். ஆனால் பூஸ்ட் கூட்டப்பட்டுப் பின்னர் பழைய நிலைக்கு மாற்றப்பட்ட கார்களும் சந்தைக்கு வருகின்றன. எனவே பணம் கொடுக்கும் முன் காரின் கணினித் தரவைப் படிக்கும் ஓபிடி கருவியை இணைத்து, மூன்றாம் கியரில் முழு வேகமெடுப்பின்போது எரிபொருள் அழுத்தம் சரியாமல் நிற்கிறதா என்று பதிவு செய்து பாருங்கள். இன்ஜெக்டர் முதல் இன்டர்கூலர் குழாய் வரை எந்தப் பாகம் மாற்றப்பட்டிருக்கிறது என்பதையும், மாற்றியதற்கான காரணத்தையும் விற்பவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.