சேர்வராயன் மலைக்கு எந்தக் கத்தி: மோராவா, பெக்கரா, பட்டறைக் கத்தியா?

ஏற்காட்டுப் பக்கம் கூடாரம் போட்டுத் தங்க ஆசைப்படுபவர்கள் பலர், கத்தி என்றதுமே கால் அங்குலக் கனத்தில் ஒன்றைத் தேடுகிறார்கள். மடக்காத கத்தி வேண்டும் என்பது சரிதான். மூட்டு இல்லாததால் ஆட்டம் காணாது, சேறு அடைத்துக்கொள்ளாது, கழுவித் துடைத்து உறையில் போட்டுவிடலாம். ஆனால் அந்தக் கனம் நம் மலைக்குத் தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்பதுதான் என் பதில்.

காப்பித் தோட்டத்து ஓரத்தில் ஒரு ராத்திரி தங்கினால் கத்திக்கு என்ன வேலை வருகிறது? கயிறு அறுப்பது, மூங்கிலில் முளை சீவுவது, வெங்காயம் தக்காளி நறுக்குவது, அடுப்புக்குச் சிராய் எடுப்பது. இதில் கடைசி வேலைதான் கத்தியின் யோக்கியதையைக் காட்டும். பனி இறங்கும் மலையில் கீழே கிடக்கும் சில்வர் ஓக் குச்சி மேலே நனைந்திருக்கும், உள்ளே காய்ந்திருக்கும். பட்டையைச் சீவி எறிந்துவிட்டு, உள்கட்டையில் காகிதம்போல் மெல்லிய சுருள்களாக, குச்சியை விட்டு உதிராமல் சீவ வேண்டும். சுருள் மெலிந்தால் ஒரே தீக்குச்சியில் பற்றும். தடித்தால் தீப்பெட்டி காலியாகும்.

இந்த வேலையில் ஸ்வீடனின் மோரா கம்பேனியனை மிஞ்ச ஆளில்லை. அலகு பத்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், கனம் 2.5 மில்லிமீட்டர். வாயின் இருபுறமும் அகலமான ஒரே சரிவு. அதனால் கட்டையில் வைத்துத் தள்ளும்போது கத்தி தானே வழி பிடித்துக்கொண்டு போகும். தீட்டுவதும் எளிது. சரிவு முழுவதும் கல்லில் படியும்படி வைத்து இழுத்தால் போதும், கோணத்தைக் கையால் கணக்கிட வேண்டியதில்லை. ஸ்டெயின்லெஸ், கார்பன் இரண்டிலும் வருகிறது. ஏற்காட்டு ஈரத்துக்கு ஸ்டெயின்லெஸ்தான். பிளாஸ்டிக் உறையின் அடியில் ஓட்டை இருப்பதால் தண்ணீரும் தேங்காது.

குறையும் உண்டு. காம்பு, அதாவது பிடிக்குள் நுழையும் அலகின் வால், பிடியின் கடைசிவரை ஓடவில்லை. விரல் கனக் குச்சியைக் கட்டையால் தட்டிப் பிளக்கலாம், கணு விழுந்த விறகில் வைத்து அடிக்கக் கூடாது. முதுகு மழுங்கலாக இருப்பதால், தீ மூட்ட உரசும் தீப்பொறிக் கம்பியை அதில் உரசினால் பொறி சரியாக வராது.

அடுத்து அமெரிக்காவின் கா-பார் பெக்கர் பிகே2. அலகு ஐந்தேகால் அங்குலம், கனம் கால் அங்குலம், எடை அரைக் கிலோவை நெருங்கும். முழுக் காம்பு என்பதால் விறகில் வைத்து எவ்வளவு அடித்தாலும் தாங்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கேரட் நறுக்கினால் பாதியிலேயே பிளந்து துள்ளும். சுருள் சீவினால் தடித்துத்தான் வரும். சரி, வெட்டவாவது ஆகுமா என்றால், உண்ணிப் புதரைக் கழிக்க நம் தோட்டத்து ஆள் கையில் இருக்கும் கொடுவாளுக்கு இது ஈடாகாது. அலகு குட்டை, வீச்சு பிடிக்காது. இரும்பும் கார்பன் ரகம். மேலே பூச்சு இருந்தாலும் தீட்டிய வாயில் துரு ஏறும். விலையோ மோராவைவிடப் பல மடங்கு.

மூன்றாவது, நம் ஊர்ப் பட்டறைக் கத்தி. சேலம், சங்ககிரி, நாமக்கல் எல்லாம் லாரி ஊர். தேய்ந்த லாரி ஸ்பிரிங் பட்டைக்குப் பஞ்சமில்லை. அந்த ஸ்பிரிங் இரும்பு அடியைத் தாங்கும், நல்ல கூர் எடுக்கும். ஆனால் எல்லாமே தோய்ச்சலில், அதாவது இரும்பைப் பழுக்கக் காய்ச்சி முக்கி இறுக்குவதில், இருக்கிறது. பழுக்கக் காய்ச்சும் நிறத்தைக் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள் என்பதால், ஒரே பட்டறையின் இரண்டு கத்திகள்கூட ஒன்றுபோல் இருக்காது. வாங்கும்போது வாயோரத்தில் அரத்தை லேசாக ஓட்டிப் பாருங்கள். அரம் சுலபமாகக் கடித்தால் இரும்பு மெது, கூர் நிற்காது. வழுக்கினால் வாங்கலாம். கேட்காவிட்டால் கனமாகத்தான் அடித்துத் தருவார்கள். நாலு அங்குல அலகு, மூன்று மில்லிமீட்டர் முதுகு, வாயை மெலிதாக இறக்கித் தாருங்கள் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வேலை முடிந்ததும் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவாவிட்டால் மறுநாள் காலையிலேயே செம்புள்ளி தெரியும். அப்புறம், சேலம் என்றாலே ஸ்டெயின்லெஸ் என்று பாத்திரத் தகட்டில் கத்தி அடிக்கச் சொல்லாதீர்கள். அந்த 304 ரகத்தில் கார்பன் மிகக் குறைவு, தோய்ச்சலே ஏறாது.

முதல் கத்தி என்றால் ஸ்டெயின்லெஸ் மோரா, யோசிக்கவே வேண்டாம். வெட்டும் வேலையும் வரும் என்றால் மிச்சக் காசில் பட்டறையில் ஒரு கொடுவாள் அடித்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தாலும் பெக்கர் விலை வராது, வேலையோ இரண்டு மடங்கு நடக்கும். இல்லை, ஒரே கத்திதான் சுமப்பேன், பிளக்கவும் வேண்டும் என்பவர்கள் மோராவிலேயே கார்பெர்க் பார்க்கலாம். 3.2 மில்லிமீட்டர் கனம், முழுக் காம்பு, பொறி எடுக்கத் தோதான முதுகு.

அலகு ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுத விதிகளுக்குள் வரும், வீட்டு, விவசாய வேலைக்கானவை தவிர. பேருந்தில் போகும்போது உறையோடு பையின் அடியில் வையுங்கள். காப்புக்காட்டில் பச்சை மரத்தில் கை வைப்பது குற்றம். தோட்டத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு, விழுந்த குச்சியை மட்டும் எடுங்கள்.