யுரேனைல் அயனியை யார் பற்றுவது? கரைசலில் போட்டியிடும் ஈனிகள் – ஓர் ஒப்பீட்டு அலசல்

ஈனிகள் என்பவை உலோக அயனியைச் சூழ்ந்து பற்றும் அயனிகள் அல்லது மூலக்கூறுகள். அந்தப் பிடிப்பின் வலிமையைக் காட்டும் நிலைப்பு மாறிலிகளின் அட்டவணையை மட்டும் பார்த்தால், யுரேனியமும் இரண்டு ஆக்சிஜன்களும் சேர்ந்த யுரேனைல் அயனிக்கான போட்டியில் கார்பனேட்டை வெல்ல ஆளில்லை என்றே தோன்றும். ஆனால் அந்த எண்கள் ஈனி முழுவதும் தன் எதிர்மின் வடிவத்தில் தயாராக இருக்கும் நிலைக்கு உரியவை. உண்மையான கரைசலில் ஹைட்ரஜன் அயனியும் அதே ஈனிக்காகப் போட்டியிடுகிறது. ஆகவே பி.எச். மதிப்பைச் சொல்லாமல் இந்த ஈனிதான் வலியது என்று கூறுவது பாதிக் கூற்றே என்பது என் கருத்து.

யுரேனைல் அயனி நேர்கோட்டு வடிவம் கொண்டது. நடுவிலுள்ள யுரேனியத்தின் இருபுறமும் இரண்டு ஆக்சிஜன்கள் ஏறத்தாழ 1.77 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் இறுகப் பிணைந்திருப்பதால், புதிதாக வரும் ஈனிகளுக்கு அந்த அச்சுக்குச் செங்குத்தான நடுத்தளத்தில் மட்டுமே இடம் உண்டு. வேறு போட்டி இல்லாத அமிலக் கரைசலில் அத்தளத்தை ஐந்து நீர் மூலக்கூறுகள் ஏறத்தாழ 2.4 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் நின்று நிரப்புகின்றன. அயனியின் மொத்த மின்சுமை +2 என்றாலும் ஈனிகளுக்கு யுரேனியம் உணர்த்தும் மின்சுமை +3-க்கும் சற்று மேல் என மதிப்பிடப்படுகிறது. கடின அமிலமான (செறிந்த நேர்மின்சுமையால் சிறிய, இறுக்கமான ஈனி அணுக்களையே விரும்பும்) இது ஆக்சிஜனையும் ஃபுளூரினையும் நாடுவதும், குளோரைடைப் பெரிதாகப் பொருட்படுத்தாததும் இதனால்தான்.

முதலில் ஃபுளூரைடையும் சல்ஃபேட்டையும் எடுத்துக்கொள்வோம். 25 பாகை செல்சியசில், அயனி வலிமை சுழியாகும் (கரைசலில் பிற அயனிகளின் தாக்கம் இல்லாத) நிலையில், முதல் ஈனி சேர்வதற்கான மாறிலியின் மடக்கை மதிப்பு ஃபுளூரைடுக்கு 5.16, சல்ஃபேட்டுக்கு 3.15, அதாவது நூறு மடங்கு வேறுபாடு. ஆனால் பி.எச். 2-இல் ஃபுளூரைடின் பெரும்பகுதி ஹைட்ரோஃபுளூரிக் அமிலமாக ஒதுங்கிவிட, ஏறத்தாழ 6 விழுக்காடே தனி அயனியாக எஞ்சுகிறது. சல்ஃபேட்டிலோ பாதி அப்படியே நிற்கிறது. இரண்டையும் சம அளவில் சேர்த்துக் கணக்கிட்டால் நூறு மடங்கு மேன்மை ஏறத்தாழ 13 மடங்காகச் சுருங்குகிறது. ஃபுளூரைடு இன்னும் முன்னணியில்தான் இருக்கிறது, ஆனால் அட்டவணை காட்டிய அளவுக்கு அல்ல. சல்ஃபேட்டுடன் சேர்வது வெப்பம் கொள்ளும் வினை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அதன் என்தால்பி மாற்றம் (கொள்ளும் வெப்பம்) மோலுக்கு ஏறத்தாழ 20 கிலோஜூல். ஒழுங்காகச் சூழ்ந்திருந்த நீர் மூலக்கூறுகள் விடுபடுவதால் உயரும் என்ட்ரோபியே (ஒழுங்கின்மையே) அந்த அணைவை, அதாவது உலோகமும் ஈனியும் சேர்ந்த தொகுதியை, உருவாக்குகிறது. எனவே கரைசலைச் சூடாக்கினால் சல்ஃபேட் அணைவு தளராது, வலுப்பெறும்.

நைட்ரேட்டின் மடக்கை மதிப்பு 0.3 மட்டுமே. இவ்வளவு வலுவற்ற ஈனியைத்தான் அணு எரிபொருள் மறுசெயலாக்கம் (பயன்படுத்திய எரிபொருளிலிருந்து யுரேனியத்தைப் பிரித்தெடுத்தல்) நம்பியிருக்கிறது என்பது முரணாகத் தோன்றலாம். செறிந்த நைட்ரிக் அமிலத்தில் இரண்டு நைட்ரேட்டுகளும், கரிமக் கரைப்பானிலிருந்து வரும் இரண்டு டிரைபியூட்டைல் பாஸ்பேட் மூலக்கூறுகளும் நடுத்தளத்தை நிரப்பும்போது மின்சுமையற்ற அணைவு கிடைத்து, அது நீரை விட்டு எண்ணெய் அடுக்குக்கு நகர்கிறது. நைட்ரேட்டின் பிடி தளர்வானது என்பதே இங்கு வசதி: அமிலச் செறிவைக் குறைத்தால் யுரேனியம் மீண்டும் நீருக்குத் திரும்பிவிடும்.

கார்பனேட்டுக்கு வருவோம். ஒன்று, இரண்டு, மூன்று ஈனிகள் சேரும்போது திரள் மாறிலியின் (எல்லாப் படிகளையும் சேர்த்த நிலைப்பு மாறிலியின்) மடக்கை மதிப்புகள் முறையே 9.94, 16.61, 21.84. ஒவ்வொரு கார்பனேட்டும் இரண்டு ஆக்சிஜன்களால் பற்றுவதால் மூன்றே ஈனிகள் நடுத்தளத்தில் ஆறு இடங்களை நிரப்பி அறுகோண இருபிரமிடு வடிவத்தைத் தருகின்றன. கார்பனேட் அயனியின் இரு ஆக்சிஜன்களுக்கிடையிலான குறுகிய தூரம் இதற்கு மிகவும் பொருந்துகிறது. அதனால்தான் நெரிசலின்றி ஆறு அணுக்கள் ஒரே தளத்தில் நிற்க முடிகிறது. அமிலத்தில் இந்த வலிமைக்கு எந்தப் பயனும் இல்லை, ஏனெனில் ஈனியே கார்பன் டை ஆக்சைடாக வெளியேறிவிடுகிறது.

நடுநிலையைத் தாண்டியதும் அதன் போட்டியாளர் ஹைட்ராக்சைடு. பி.எச். 4-ஐ நெருங்கும்போதே நீராற்பகுப்பு (யுரேனைலைச் சூழ்ந்த நீர் ஹைட்ரஜன் அயனியை இழந்து ஹைட்ராக்சைடாதல்) தொடங்கி, செறிவு போதுமானால் இரண்டு, மூன்று யுரேனியங்கள் கொண்ட திரள்கள் தோன்றுகின்றன. காற்றுடன் தொடர்பிலுள்ள நீர்த்த கரைசலில் பி.எச். 8.5 அளவில் கணக்கிட்டால் மூன்று கார்பனேட் அணைவு ஹைட்ராக்சைடு அணைவுகளைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு மிகுதியாக இருக்கும். ஆயினும் இவ்வெற்றி நிரந்தரமல்ல. கார்பனேட் முறையில் தாதுவைக் கரைக்கும் ஆலைகளில் இறுதியில் சோடியம் ஹைட்ராக்சைடை மிகுதியாகச் சேர்த்து, சோடியம் டையுரேனேட்டை மஞ்சள் வீழ்படிவாகப் பிரிக்கிறார்கள். தாதுவில் சுண்ணாம்புக்கல் மிகுந்திருந்தால் அது கந்தக அமிலத்தை வீணாகத் தின்றுவிடும் என்பதால் அங்கு கார்பனேட் வழியே சிக்கனமானது. மற்ற இடங்களில் கந்தக அமிலத்தால் கரைக்கும் சல்ஃபேட் வழி வேகமானது.

ஒளிர்வில் வரிசை தலைகீழாகிறது. சல்ஃபேட்டும் ஃபுளூரைடும் பாஸ்பேட்டும் யுரேனைலின் பச்சை ஒளிர்வைக் கூட்ட, மூன்று கார்பனேட் அணைவு அறை வெப்பநிலையில் அநேகமாக இருண்டே கிடக்கிறது. ஒளிர்வை வைத்து அளவிடுவோர் முதலில் கார்பனேட்டைத்தான் அகற்ற வேண்டும்.

இயற்கை நீரில் கால்சியமும் உடனிருக்கும்போது இரண்டு கால்சியம் அயனிகள் மூன்று கார்பனேட் அணைவின் −4 மின்சுமையை முற்றிலும் ஈடுசெய்கின்றன. அவ்வாறு மின்சுமையிழந்த அணைவு கனிமப் பரப்புகளில் எளிதில் ஒட்டுவதில்லை. எளிதில் கரையாத நாற்பிணை (+4 நிலை) யுரேனியமாக அதைப் பாக்டீரியாக்கள் ஒடுக்குவதும் (எலக்ட்ரான் தந்து மாற்றுவதும்) மந்தமாகிறது. அதனால் நிலத்தடி நீரில் யுரேனியம் எவ்வளவு தூரம் செல்லும் என்று கணிக்க விரும்புவோர், கார்பனேட்டின் அளவோடு நிறுத்தாமல் கால்சியத்தின் அளவையும் அளந்தாக வேண்டும்.