குன்னூர் ரேடியேட்டர் கடை: பழைய எம்ஜிபி வைத்திருப்பவர்களுக்கு

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது பர்லியார் தாண்டியதுமே என் எம்ஜிபியில் (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) டெம்பரேச்சர் முள் எச் (ஹாட்) பக்கம் சாய ஆரம்பித்துவிடும். கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் சீல்) போயிருக்கும், ஹெட்டைக் கழற்றணும் என்று பெரிய தொகை சொன்னார்கள்.

குன்னூர் பெட்ஃபோர்ட் பக்கம் இருக்கும் இந்தக் கடைக்கு போர்டு கூடக் கிடையாது, பெரும்பாலும் லாரி, பிக்கப் வேலைதான். கடைக்கார அண்ணன் ஸ்பேனரை எடுக்கவே இல்லை. வண்டி ஆறும்வரை காத்திருந்து ரேடியேட்டர் மூடியைத் திறந்து, அதன் ரப்பரை நகத்தால் கீறினார், அப்பளம் மாதிரி உதிர்ந்தது. குன்னூர் 1,800 மீட்டருக்கு மேல் இருப்பதால் வெறும் தண்ணீர் இங்கே 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தம் பிடித்தால்தான் 110 வரை தாங்கும். இன்ஜின் சூடான பிறகு ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறப்பதே 82-ல், அப்போது மூடி செத்த வண்டிக்கு மிச்சம் 12 டிகிரிதான், மலையேற்றத்தில் அது எந்த மூலைக்கு?

மூடியோடு விடவில்லை. மேல்தொட்டியின் ஈயத்தை உருக்கிப் பிரித்து, டியூப் டியூப்பாகக் கம்பி விட்டுக் குத்தியதில் துருவும் சுண்ணாம்பும் சேறாகக் கொட்டியது. பித்தளை ரேடியேட்டர் என்பதால் இது முடிகிறது, பிளாஸ்டிக் தொட்டி வைத்த புது வண்டிகளை அவர் தொடுவதில்லை. தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டேன், நம் ஊரில் பாதிப் பேர் அதைத்தானே செய்கிறார்கள். முறைத்தார். ஊட்டிப் பனியில் இன்ஜின் சூடேறவே ஏறாது, பெட்ரோலைக் குடிக்கும் என்று சொல்லி, அதைச் சட்டியில் வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா பார்த்து மறுபடி மாட்டினார். அப்புறம் ஹீட்டர் வால்வைத் திறந்துவைத்து, உள்ளே காற்று அடைத்து ஏர்லாக் ஆகாமல் மெதுவாகக் கூலன்ட் ஊற்றினார்.

குறைகளும் உண்டு. சொன்ன நாளில் வண்டி கிடைக்காது, பில் கேட்டால் துண்டுச் சீட்டுதான், ஈயப் பற்று வெளியே அசிங்கமாகத் தெரிகிறது. கீழ் ஹோஸ் நாம்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

இப்போது ஏற்றத்தில் முள் நடுவில் நிற்கிறது. சீசன் நெரிசலில் நின்றால் மட்டும் கொஞ்சம் ஏறும், பெல்ட்டில் ஓடும் ஃபேன் ஐட்லிங்கில் மெதுவாகத்தானே சுற்றும். கூலி நியாயம். சனிக்கிழமை மட்டும் போகாதீர்கள், டூரிஸ்ட் வண்டிகள் புகை விட்டபடி வரிசையில் நிற்கும்.